எட்டாவது சிவப்பு

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கீக், கீக், கீக். ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் மூன்று முறை.

டாக்டர் வின்சென்ட்டின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. கையெழுத்தின் முதல் எழுத்து மட்டும் விழுந்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஜமுனா உள்ளறைப் பக்கம் திரும்பினாள். அது என்ன சத்தம் என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக் காற்றின் இரைச்சலிலும் கேட்க வேண்டும், காது மந்தமானவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று எத்தனையோ ஒலிகளைக் கேட்டுப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி அது. காயத்தின் ஈரத்தை ஒரு சின்னப் பட்டையில் தொட்டெடுத்துப் பெட்டியில் செருகினால் பதினோரு நிமிடத்தில் விடை வரும். பச்சை விளக்கு எரிந்து நீளமாக ஒரே ஒரு முறை ஒலித்தால் பயமில்லை. சிவப்பு எரிந்து மூன்று முறை ஒலித்தால், காயத்தில் சதையைத் தின்னும் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"எட்டாவது," என்றார் டாக்டர். அவர் குரலில் கேலி இல்லை. அலுப்புதான் இருந்தது.

மூன்று வாரங்களாக, காட்டூருக்குக் கிழக்கே உப்புநீர் ஏரியை ஒட்டிய இந்தச் சின்னக் குடியிருப்பில் ஜமுனாவின் பெட்டி பரீட்சிக்கப்பட்டு வருகிறது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்குச் சிப்பி ஓடு கிழிக்காத நாள் கிடையாது. அப்படிக் கிழிபட்ட ஏழு பேருக்குப் பெட்டி சிவப்பு காட்டியது. ஏழு பேரும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நாள் கணக்கில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முடிவு ஏழு பேருக்கும் ஒன்றேதான்: கிருமியே இல்லை. அவர்களில் வளர்மதி என்பவள் மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டிப்போய்ப் பிழைத்தாள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே பெட்டியைப் பசியாவரம் தீவின் மீனவர்களிடமும் கொடுத்திருந்தார்கள். அங்கே பத்தொன்பது காயம், பெட்டி சொன்னது ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரே ஏரி, ஒரே பெட்டி.

பரீட்சையைக் கண்காணிக்கும் குழுவின் தலைவர் டாக்டர் வின்சென்ட். நிறுத்திவிடுவது என்று குழு முடிவு செய்துவிட்டது. கடிதம் அனுப்பியிருந்தால் போதும். ஆனால் ஜமுனாவின் மேல் அவருக்கு மரியாதை இருந்தது. நேரில் சொல்லி, அவள் முன்னாலேயே கையெழுத்துப் போடலாம் என்று அவள் அக்கா வீட்டையே தேடி வந்திருந்தார்.

"மேடம், பொய்யா கத்துற பெட்டி நெஜமா கத்துற அன்னிக்கு யாரும் எழுந்து ஓட மாட்டாங்க. அதுதான் என் பயம்," என்று கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தார்.

ஜமுனா மேஜையில் கிடந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் நான்கு மாதத்தில் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால், அவள் போன பிறகு இந்தப் பெட்டியை எடுத்துத் தூசி தட்ட ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷ உழைப்பு ஓர் இரும்பு அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த நேரத்தில்தான் உள்ளறையில் பெட்டி கத்தியது. உள்ளே இருந்ததோ ஒரே ஒருத்தி. கொல்லைப்புறமாக ஏரியிலிருந்து திரும்பியிருந்த அவள் அக்கா குப்பம்மாள்.

ஜமுனா எழுந்தாள். எழுந்த அந்த நொடியில் அவள் நெஞ்சுக்குள் ஒரு எண்ணம் பாம்பாக நெளிந்து போனது. 'இந்த ஒரு தடவையாவது பெட்டி சரியாக இருக்கட்டும்.'

அடுத்த நொடியே அவளுக்கு உறைத்தது. பெட்டி சரி என்றால் அக்காவின் கை? கடவுளே, நான் எதை வேண்டிக்கொண்டேன்?

உள்ளே குப்பம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏரிச் சேறு காயாத புடவை. வலது கையின் கட்டை விரலடியில் ஒரு கிழிசல். பெட்டியை முந்தானையில் போட்டு மூடிச் சத்தத்தை அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு புடவைக்குள்ளிருந்து மினுக்கியது.

"இன்னாக்கா இது? எப்போ கிழிச்சுது?"

"காலைலதான். சும்மா தோல் போயிருக்குது. ஒரு மணி நேரத்துக்குள்ள பட்டை வெச்சுப் பாக்கணும்னு நீதானே சொன்னே. டாக்டர் வந்து கீறாருன்னு தெரிஞ்சிருந்தா ரகசியமா வெச்சிருப்பேன். இந்த சனியன் இப்படி ஊரக் கூட்டும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"கையைக் காட்டு."

"காட்டுறதுக்கு இன்னா கீது? இருக்கிறது இந்த ஒண்ணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை ஜமுனாவின் நெஞ்சில் கோடாலியாக இறங்கியது. குப்பம்மாளின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. நடுவிரல் பாதியோடு நின்றுபோயிருந்தது.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது. ஜமுனாவுக்கு அப்போது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அன்றைக்கு நைனாவோடு தண்ணீரில் இறங்க வேண்டிய முறை அவளுடையதுதான். "நீ படி, நான் போறேன்" என்று நான்கு வயது மூத்த குப்பம்மாள் இறங்கினாள். சேற்றுக்குள் கையை விட்டபோது சிப்பி ஓடு விரலிடுக்கைக் கிழித்தது. சாயங்காலம் கை வீங்கியது. மறுநாள் காய்ச்சலில் பிதற்றினாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து எந்தக் கிருமி என்று பார்க்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி போன டாக்டர் ஒருவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முதல் நாளே இன்ன கிருமின்னு தெரிஞ்சிருந்தா ஒரு ஊசியில முடிஞ்சிருக்கும்."

அவர் அப்போதே மறந்திருப்பார். வராந்தாவில் நின்ற பதினேழு வயதுப் பெண் மறக்கவில்லை.

பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத தங்கையைக் குப்பம்மாள்தான் விரட்டினாள். "என் கையை வெச்சுகினு நான் படுத்துகினு கீறேன். உன் கையை வெச்சுகினு நீ போய் எழுது. ரெண்டு பேரும் அழுதா யாருடி எழுதுறது?"

ஜமுனா எழுதினாள். டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. மின் பொறியியல் கிடைத்தது. "கரண்டுக் கம்பத்துல ஏறுறதுக்குப் படிக்கிறியா, எறங்குறதுக்குப் படிக்கிறியா?" என்று அக்கா கேலி செய்தாள். நான்கு வருஷம் விடியும் முன்பே அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு சைக்கிள் மிதித்து, இறால் கூடைக்காரிகள் நிறைந்த முதல் ரயிலில் நெருக்கியடித்துப் பட்டணம் போய்ப் படித்தாள். அந்த சைக்கிளும் அக்காவின் மூன்று விரல் பிடித்த இறாலில் வந்ததுதான்.

படித்து முடித்து, பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையும் கிடைத்த பிறகு ஒரு நாள் நூலகத்தில் ஒரு கட்டுரை அவள் கண்ணில் பட்டது. சதையைக் கரைக்கும் கிருமிகள் ஒரு நீரைச் சுரக்கின்றன; அந்தச் சுரப்பு ஒரு மெல்லிய பூச்சைத் தின்னும்போது, பூச்சுக்கு அடியில் ஓடும் மின்சாரம் மாறுகிறது. மாறுவது கடுகிலும் கடுகளவு. பெரிய ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவிகளை வைத்துத்தான் அதைக் காண முடியும். ஜமுனா அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரிய கருவிகளையெல்லாம் அரிசி மணி அளவு மின்னணுச் சில்லுக்குள் அடைத்துவிட்டால், ஏரிக்கரையிலேயே, முதல் நாளே தெரிந்துவிடும் அல்லவா?

நினைக்க எளிதாகத்தான் இருந்தது. அவ்வளவு சின்ன மின்சாரத்தை அளப்பது சந்தை நடுவில் நின்று ஒரு குழந்தை மூச்சு விடுவதைக் கேட்பது போன்றது. பக்கத்தில் ஒரு டியூப்லைட் எரிந்தால் போதும், அதன் இரைச்சலில் எல்லாம் முழுகிவிடும். வரைபடம் போட ஒரு வருஷம், அதை வெளிநாட்டு ஆலைக்கு அனுப்பிவிட்டு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன டப்பாவில் நாற்பது சில்லுகள் வரும். முதல் தடவை வந்த நாற்பதும் பிணம். ஓர் இணைப்பை மாற்றிப் போட்டிருந்தாள். ஐந்தாவது சில்லு விளக்கையும் மின்விசிறியையும் அணைத்தால்தான் வேலை செய்தது; சித்திரை வெயிலில் அவள் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். ஆறாவது உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரத்தில் செத்தது. ஒவ்வொரு சில்லுக்கும் அவள் வைத்த பெயர் ஒன்றுதான்: குப்பு. குப்பு ஒன்று, குப்பு இரண்டு என்று எண் மட்டும் ஏறியது.

பண்டிகைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அக்கா விசாரிப்பாள். "எத்தினி குப்பு செத்துப் போச்சு இதுவரைக்கும்?"

"பத்து."

"நான் கெட்டியாத்தான் கீறேன். பதினொண்ணு பொழைக்கும், போ."

பதினொன்றாவது பிழைத்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் கையால் நானூறு காயங்களில் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. அன்றைக்கு ஜமுனா ஆய்வுக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்படிப்பட்ட பெட்டிதான், தான் பிறந்த மண்ணுக்கு வந்தபோது, ஏழு பேரிடம் ஏழு முறையும் பொய் சொல்லிவிட்டது.

ஏரியின் உப்பு சில்லுக்குள் இறங்குகிறதோ என்று மூன்று வாரமாக அவள் இந்தத் தண்ணீரைக் குடம் குடமாக அளந்துவிட்டாள். உப்பு இல்லை காரணம். வேறென்ன என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் வின்சென்ட் கதவு நிலையைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, குப்பம்மாளின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வீக்கம் இல்ல. சூடும் இல்ல. ஆனா அடிபட்டு ஒரு மணி நேரம்தானே ஆகுது, இப்ப எதுவும் சொல்ல முடியாது. அம்மா, நீங்க என் கார்லயே பொன்னேரிக்கு வந்துடுங்க. சிவப்புன்னா கூட்டிட்டுப் போகணும், அதுதான் விதி."

"அடுப்புல கொழம்பு கொதிக்குது டாக்டரே."

"அக்கா."

"சரி, சரி. எறக்கி வெச்சுட்டு வரேன்."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வளர்மதி நின்றிருந்தாள். ஆமாம், மருந்தில் உடம்பு தடித்துப்போன அதே வளர்மதிதான். ஒரு கையில் அவள் பறி, மறு கையில் ஈரப் புடவை மூட்டை. இறால் போட்டு வைக்கும் பனையோலைக் கூடையைத்தான் இங்கே பறி என்பார்கள். குப்பம்மாள் கரையில் போட்டுவிட்டு வந்த இன்னொரு பறியை அவள் வாயில் கவ்விக்கொண்டு வந்திருந்தாள். பற்களுக்கு இடையில் கயிறு, அதன் கீழே கூடை ஊசலாடியது.

வாயைத் திறக்காமலேயே அவள் ஏதோ சொன்னாள். பிறகு கூடையைத் தரையில் இறக்கிவிட்டுச் சரியாகச் சொன்னாள். "உன் பறியை வுட்டுட்டு ஓடியாந்துட்டியே யக்கா. பெட்டி கத்துச்சே, யாருக்கு?"

"எனக்குத்தான்."

"போச்சு. உன் தங்கச்சி பெட்டி உன்னையும் உடலியா? என்னை அஞ்சு நாளு படுக்க வெச்சுது. பேஜாரு புடிச்ச பெட்டி." ஜமுனாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கோச்சுக்காதீங்க டீச்சர். உடம்பு எரிஞ்ச எரிச்சல்ல சொல்றேன்."

டாக்டர் தரையில் கிடந்த பறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இதை ஏன் வாயில கடிச்சுத் தூக்கிட்டு வர்றாங்க?"

ஜமுனாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டதுபோல் இருந்தது. ஏதோ நினைவில் பதில் சொன்னாள். "இறால் தடவும்போது ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும் டாக்டர். கூடையை வைக்க இடம் கிடையாது. அதனால வாயிலதான் கவ்விக்குவாங்க. எதுவா இருந்தாலும் வாயில..."

அவள் பார்வை பறியின் கயிற்றில் போய் நின்றது.

அவள் முகத்தைப் பார்த்த டாக்டர் பயந்துபோனார். "மேடம், தண்ணி வேணுமா?"

ஜமுனா அக்காவின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து புதுப் பட்டை ஒன்றை உறையோடு எடுத்து நீட்டினாள்.

"அக்கா, முதல்ல நீ எப்படிப் பாத்தியோ அதே மாதிரி செய்யி. ஒண்ணும் மாத்தாதே."

"இன்னாத்துக்கு?"

"செய்யேன்."

குப்பம்மாள் தங்கையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு உறையை வாங்கி, ஓரத்தைப் பல்லால் கிழித்தாள். உள்ளிருந்த பட்டையின் நுனியைப் பல்லாலேயே பற்றி வெளியே இழுத்து, உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டாள். வலது கையைப் புடவையில் துடைத்தாள். காயத்தைப் பிதுக்கினாள். அதற்குப் பிறகுதான் பட்டையை வாயிலிருந்து எடுத்தாள். நுனி பளபளவென்று நனைந்திருந்தது.

ஜமுனா வளர்மதியின் பக்கம் திரும்பினாள். "நீயும் இப்படித்தானா?"

"எல்லாரும் அப்படித்தானே. வேற எப்படி?"

"வாயில வைக்கலாமான்னு நீங்க யாரும் என்கிட்ட கேக்கலியே."

குப்பம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதானேடி எங்களையெல்லாம் உக்கார வெச்சு, சேத்துக் கையால பட்டையைத் தொடாதீங்க, தொடாதீங்கன்னு பத்து வாட்டி சொன்னே? தண்ணில நிக்கிறவளுக்குக் கையெல்லாம் சேறு. சுத்தமா இருக்கிறது வாய்தான். நீ சொன்னதைக் கேட்டுத்தான் வாயில வெச்சோம். நீ குடுத்த கேள்விக் காயிதத்துல கூட, கையைக் கழுவுனியான்னுதான் கேட்டிருந்தே. கழுவுனோம்னு எழுதுனோம். வாயை யாருடி கேட்டா?"

ஜமுனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் விம்மலாகி, விம்மல் மறுபடி சிரிப்பானது.

"எச்சில் டாக்டர்," என்றாள். "எச்சிலும் பூச்சைத் தின்னும். சாப்பாட்டைக் கரைக்கிறதுக்குன்னே வாயில சுரக்கிறதுதானே அது. அந்தக் கிருமி பண்ற வேலையைத்தான் எச்சிலும் பண்ணியிருக்கு. பசியாவரத்துல படகுல குறைஞ்சது ரெண்டு பேர் இருப்பாங்க. ஒருத்தனுக்கு அடிபட்டா இன்னொருத்தன் உறையைப் பிரிச்சுக் கொடுப்பான். இங்கே ஒவ்வொருத்தியும் தனியா நிக்கிறா. நானும் இதே தண்ணில இதே பறியைக் கவ்வினவதான். எனக்கு ஏன் தோணல? மூணு வாரமா உப்பை அளந்துட்டு இருந்தேனே."

டாக்டர் உடனே தலையாட்டவில்லை. அவர் நிதானமானவர். "கேக்க நல்லா இருக்கு மேடம். ஆனா எனக்குக் கண்ணால பாக்கணும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எனக்கு எங்கேயும் காயம் இல்ல. ஒரு பட்டை குடுங்க."

குப்பம்மாள் செய்தது போலவே உறையைப் பல்லால் கிழித்தார். சரியாகக் கிழியவில்லை. "சைடுல கடிங்க டாக்டர், சைடுல," என்று வளர்மதி வழிகாட்டினாள். நுனியைக் கொஞ்ச நேரம் கவ்வியிருந்துவிட்டு ஒரு பெட்டியில் செருகினார். இன்னொரு பட்டையை ஜமுனா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பிரித்தாள். அக்காவின் காயத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசித் துடைத்து, புதிதாகக் கசிந்த ஈரத்தைத் தொட்டு, தன் பையிலிருந்த இரண்டாவது பெட்டியில் வைத்தாள்.

இரண்டு பெட்டிகளும் முன்னறை மேஜையில், அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. பதினோரு நிமிடம்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் அமர்ந்தார். வளர்மதி வாசற்படியில் உட்கார்ந்தாள். குப்பம்மாள் குழம்பை இறக்கப் போனாள். ஜமுனா அவள் பின்னாலேயே போனாள். எச்சில்தான் காரணம் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. ஆனால் அடிமனத்தில் இன்னொரு பயம் இருந்தது. இரண்டாவது பெட்டியும் சிவப்பு காட்டினால்? அப்போது அது பொய்யாக இருக்க முடியாது. அக்காவின் மிச்சம் இருக்கிற கை.

"அக்கா," என்றாள் மெதுவாக. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ என்னை அடிச்சாலும் பரவால்ல."

"சொல்லு."

"பெட்டி கத்தினப்போ, இந்த ஒரு தடவை இது சரியா இருக்கட்டும்னு நினைச்சேன். உன் கை அது. தெரிஞ்சும் நினைச்சேன்."

குப்பம்மாள் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டிவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினாள் ஜமுனா. கிடைக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டே இல்ல, நானும் சொல்றேன் கேளு. செவப்பு எரிஞ்சதும் நானும் அதத்தான் நெனச்சேன். ஒரு வெரல் போனா போவட்டும், என் தங்கச்சி பெட்டி பொய் சொல்லலன்னு அந்த டாக்டருக்குத் தெரியட்டும்னு."

ஜமுனா அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்த அழுகை அது.

"ச்சீ, இன்னாடி இது, பேராசிரியர் அம்மா. புடவை சேறு, உன் துணில ஒட்டும்." ஆனால் மூன்று விரல் கை தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டேதான் இருந்தது.

முன்னறையில் கீக் என்றது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். கீக், கீக். மூன்று.

"என்னுது," என்று டாக்டரின் குரல் கேட்டது. "சிவப்பு."

"ஐயையோ டாக்டரே," வளர்மதி வாசற்படியிலிருந்து அலுங்காமல் சொன்னாள். "அஞ்சு நாளு ட்ரிப்ஸ் ஏத்துவாங்க. பெட்டு காலியா கீதான்னு கேட்டு வெய்யுங்க. உஷாரா இருங்க, உடம்பு தடிக்கும்."

யாரும் எதிர்பாராத விதமாக டாக்டர் வின்சென்ட் சத்தமாகச் சிரித்தார்.

ஆனால் இன்னும் ஒரு பெட்டி இருந்தது. ஜமுனா முன்னறைக்கு வந்து அதன் முன்னால் நின்றாள். அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடமும் கடந்தது. அதற்குள் அவளுக்குச் சில்லின் ஒவ்வொரு இழையும், பத்து குப்புகளின் சாவும், ஆஸ்பத்திரி வராந்தாவும், கையைத் துடைத்தபடி போன அந்த டாக்டரின் முதுகும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து போயின.

பெட்டி ஒலித்தது. நீளமாக, ஒரே ஒரு முறை.

பச்சை.

ஜமுனா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நெஞ்சின் மேலிருந்த பாறையை யாரோ உருட்டிக் கீழே தள்ளிவிட்டதுபோல் இருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. அக்காவின் கைக்கும் ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் பெட்டி கத்தியதிலிருந்து அவளை வதைத்த விதி, இரண்டையும் அவள் மடியிலேயே போட்டுவிட்டது.

டாக்டர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்தின் முதல் எழுத்தோடு நின்றிருந்த அந்தக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பாஸ்னு நான் சொல்லல மேடம். குப்பம்மா அம்மா காயத்துல கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன், ஆய்வுக்கூடமும் சொல்லட்டும். அந்த ஏழு பேரையும் திரும்ப விசாரிக்கணும். ரெண்டு வாரம் பெட்டி எதையும் யாரும் தொடக்கூடாது. அதுக்குள்ள நீங்க ஒரு வழி பண்ணுங்க. வாயில வைக்காதீங்கன்னு உறை மேல பெருசா எழுதுங்க, படம் போடுங்க."

"எழுதுனா யாரு படிப்பா?" குப்பம்மாள் குறுக்கே வந்தாள். "வாயில கவ்வாதேன்னா எவ கேப்பா டாக்டரே? பொறந்ததுலேருந்து கவ்வுற வாய் இது. பட்டைக்கு ஒரு நீட்டு வாலு வெய்யிங்க. கவ்வுறதுக்குன்னே ஒரு பக்கம், காயத்துல வைக்க ஒரு பக்கம். நாங்க கவ்வுற பக்கத்தைக் கவ்விக்கிறோம்."

ஜமுனாவும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சில்லைத் தொடவே வேண்டாம்," என்றாள் ஜமுனா, தனக்குத்தானே சொல்வதுபோல. "வெறும் பிளாஸ்டிக் வால். பத்து நாள் வேலை."

"நாலு மாசம் இருக்கே உங்களுக்கு," என்றார் டாக்டர். "தாராளமா போதும்."

வளர்மதி எழுந்து பாவாடை மண்ணைத் தட்டினாள். "வாலு வெச்சா எனக்கும் ஒரு பெட்டி குடுங்க டீச்சர். முன்ன சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

டாக்டர் குப்பம்மாளின் காயத்திலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்து ஒரு குழாயில் போட்டு மூடினார். மருந்து வைத்துக் கட்டினார். வீக்கமோ காய்ச்சலோ தெரிந்தால் எந்த நேரமானாலும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். கிளம்பும்போது குப்பம்மாள் தன் பறியிலிருந்து இரண்டு கை இறாலை வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி நீட்டினாள். வேண்டாம் என்றவர், அவள் பார்த்த பார்வையில் வாங்கிக்கொண்டார். ஒரு கையில் மருந்துப் பெட்டி, மறு கையில் ஆய்வுக்குழாய். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தடுமாறியதைப் பார்த்து வளர்மதி தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"அது மட்டும் வேண்டாம்மா," என்றார் அவர். பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். வளர்மதி அவருக்குக் கார் கதவைத் திறந்துவிட ஓடினாள்.

கார் மண்பாதையில் திரும்பிக் காட்டூர்ப் பக்கம் போகும்வரை ஜமுனா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே திரும்பியபோது அக்கா தரையில் பறியைக் கவிழ்த்து, கட்டுப் போட்ட கையோடு மிச்ச இறாலை உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"கொடு, நான் உரிக்கிறேன். நீ அந்தக் கையை நனைக்காதே."

"உனக்கு மறந்து போயிருக்கும்."

"மறக்கல."

"அப்ப உக்காரு. மொதல்ல கதவைச் சாத்து, பூனை வந்துடும்."

ஜமுனா அதற்குள் இரண்டு கையையும் கழுவியிருந்தாள், ஈரம் சொட்டியது. காலால் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.